காட்டிலிருந்து இறங்கிய டிங்கி

ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு முடிந்த அதே 1962-இல்தான் பினாங்குத் தீவில் இரத்தக்கசிவு டிங்கி தலைகாட்டியது. இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும், போடக் கூடாது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அணை எதற்கு? பூச்சாடித் தட்டில் நிற்கும் நீரே போதும்.

வைரஸின் பூர்வீகம் காடு. 1960, 70-களில் ஆல்பர்ட் ரட்னிக் குழுவினர் மலேசியக் காடுகளில், மர உச்சியில் குரங்குகளைக் கூண்டில் வைத்துச் சோதித்தார்கள். அவற்றின் இரத்தத்தில் டிங்கி வைரஸ் இருந்தது. மனிதன் இல்லாமலே குரங்கும் கொசுவுமாக அது காலம் தள்ளியிருக்கிறது. அதை நகரத்தில் சுமக்கும் ஏடிஸ் எஜிப்தியோ ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவள். துறைமுக ஊரான பினாங்கில் 1901-02-இல் பரவிய காய்ச்சலை மருத்துவர் ஸ்கே எழுதிவைத்தார். மலாயாவில் டிங்கி பற்றிய முதல் பதிவு அது.

அப்போதெல்லாம் அது எலும்பை முறிக்கும் வலி, சில நாள் படுக்கை, அவ்வளவே. இரண்டாம் உலகப் போரில் படைகள் அலைந்ததில் வைரஸின் வகைகளும் ஊர் ஊராகக் கலந்தன. இரத்தக்கசிவு டிங்கி தலைகாட்டியது 1954-இல் மணிலாவில், 1958-இல் பாங்காக்கில், பிறகு பினாங்கில்.

கலப்பு ஏன் கொல்கிறது? டிங்கியில் நான்கு வகை. ஒன்றுக்கு எதிராக உடல் செய்த எதிர்ப்புப் பொருள், வேறொரு வகை வந்தால் அதைப் பற்றிக்கொள்ளும், ஆனால் முடக்காது. பற்றிய கையோடு வெள்ளணுவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். வீட்டுக் காவலாளியே திருடனுக்குக் கதவு திறந்த கதைதான். உள்ளே போனதும் வைரஸ் தன் ஆர்.என்.ஏ. இழையை அவிழ்க்கிறது. சுமார் 10,700 எழுத்து, மொத்தம் பத்துப் புரதம். இவ்வளவு சிறிய முதலை வைத்து செல்லின் இயந்திரங்களையே தனக்கு வேலைசெய்ய வைக்கிறது. பிறகு இரத்தக் குழாய்கள் கசிகின்றன. காய்ச்சல் தணியும் வேளையில்தான் இந்தக் கசிவு முற்றும். 'விட்டுவிட்டது' என்று நம்பி வீட்டிலேயே இருப்பவர்கள் ஆபத்தில் மாட்டுவது அப்போதுதான்.

நோயாளியைக் கடித்த கொசுவின் குடலில் வைரஸ் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டப் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு நாள். அதன் பிறகு சாகும்வரை அவள் கடி ஒவ்வொன்றும் வைரஸைக் கடத்தக்கூடும். சுகாதாரத் துறை புகையடிப்பது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தட்டுத் தண்ணீரில் நெளியும் புழுவைத் தொடாது.

நகரத்தில் டிங்கியை ஒழித்தாலும் காட்டுக் கிளை மிஞ்சும். 2008-இல் மலேசியாவில் இரத்தக்கசிவு டிங்கியோடு மருத்துவமனைக்கு வந்த ஒருவரின் வைரஸை ஆராய்ந்தபோது அது நகர வகை அல்ல, குரங்குகளிடையே சுற்றும் காட்டு வகை.