எது வீடு? கவுன்சில் டாக்ஸ் வந்த கதை

மனைவி மக்கள் மான்செஸ்டரில். வேலை லண்டனில், கம்பெனி வாடகைக்கு எடுத்துக் கொடுத்த ஃபிளாட்டில். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் பிடித்து ஊருக்குப் போய், திங்கள் காலை திரும்புகிற ஒருவர் அந்த ஃபிளாட்டுக்கும் வரி கட்ட வேண்டுமா? சின்னக் கேள்விதான். ஆனால் பிரிட்டனில் இதே மாதிரியான சிக்கல்கள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

ஆரம்பத்தில் விஷயம் எளிது. 1601-ல் முதலாம் எலிசபெத் காலத்து ஏழைகள் நிவாரணச் சட்டத்தில் இருந்து வளர்ந்தது 'ரேட்ஸ்' என்ற வரி. வாடகை மதிப்பைக் கணக்கிட்டு, இடத்தை அனுபவிப்பவரிடம் வாங்கினார்கள். நம் ஊர் சொத்து வரியை உரிமையாளர் கட்டுவார், அங்கே குடியிருப்பவர் கட்டினார். அவருக்கு வேறு ஊரில் குடும்பம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

மார்கரெட் தாட்சர் வந்தார், கதை மாறியது. கட்டடத்தை விட்டுவிட்டுத் தலையை எண்ண ஆரம்பித்தார்கள். ஸ்காட்லாந்தில் 1989-லும் இங்கிலாந்து, வேல்ஸில் 1990-லும் வந்த இந்தத் தலைவரி ('போல் டாக்ஸ்' என்றுதான் ஜனங்கள் திட்டினார்கள்) லண்டனில் பெரிய கலவரத்தில் முடிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தாட்சர் பதவி விலகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலைக்கு வரி என்றால் அந்தத் தலை எந்த ஊர்க் கணக்கில் வரும் என்று தெரிய வேண்டுமே! "ஒரே வீடு அல்லது முக்கிய வீடு" என்ற சொற்றொடர் இதற்காகத்தான் சட்டத்தில் நுழைந்தது. முக்கியம் என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. வழக்குகள் கிளம்பின.

1991-ல் பிராட்ஃபோர்டில் ஒரு வணிகக் கப்பல் மாலுமி. வருடத்தில் பெரும்பகுதி கடலில்தான். ஆனாலும் மனைவி இருக்கும் வீடுதான் முக்கிய வீடு என்று தீர்ப்பு. 1993-ல் ஹல் நகரத்துக்காரர் ஒருவர். சவுதியில் முதலாளி கொடுத்த இடத்தில் தங்கி வேலை செய்தவர். அவருக்கும் ஹல்லில் இருந்த சொந்த வீடுதான் என்று முடிவானது. எத்தனை ராத்திரி எங்கே தூங்கினார் என்று எண்ணினால் மட்டும் போதாது, வேலை முடிந்தால் எங்கே திரும்புவார் என்றும் பார்க்க வேண்டும். உண்மையிலேயே நியாயமான தீர்ப்புகள். 2004-ல் அப்பீல் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: விவரம் எல்லாம் தெரிந்த நியாயமான ஒரு வெளியாள் எதை அவர் வீடு என்பாரோ, அதுதான்.

இதற்குள் தலைவரி போய், 1993 ஏப்ரலில் கவுன்சில் டாக்ஸ் வந்துவிட்டது. பாதி கட்டடத்துக்கு, பாதி ஆளுக்கு என்று ஒரு கலவை. (இங்கிலாந்தில் வீடுகளுக்கு இன்றைக்கும் 1991 ஏப்ரல் விலைதான் கணக்கு. அது தனிக்கூத்து!) முக்கிய வீடு என்ற பழைய சொல் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சரி, லண்டன் ஃபிளாட்? மான்செஸ்டர்தான் முக்கிய வீடு என்றால், சட்டத்தின் கண்ணில் ஃபிளாட்டில் 'குடியிருப்பவர்' யாருமே இல்லை. அப்போது பில் 'உரிமையாளர்' பேருக்குப் போகும். கம்பெனி 6 மாதமோ அதற்கு மேலோ குத்தகை எடுத்திருந்தால் கம்பெனியே உரிமையாளராகக் கருதப்படும். அதற்குக் குறைந்தால் வீட்டுக்காரர். ஒப்பந்தத்தில் என்ன எழுதிக்கொண்டாலும் அது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது, கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது.

ஆள் குடியில்லாத இப்படிப்பட்ட வீடுகளுக்கு 1993-ல் பாதி வரி தள்ளுபடி இருந்தது. 2004-ல் இங்கிலாந்தில் அதைக் குறைக்கும் அதிகாரமும், 2013-ல் அடியோடு நீக்கும் அதிகாரமும் கவுன்சில்களுக்குக் கிடைத்தன. 2025 ஏப்ரல் முதல் விரும்பினால் இரட்டிப்பாகவே வாங்கலாம். வேலைக்காகக் கட்டாயம் தங்க வேண்டிய இடங்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் அந்த இடத்தில் தங்கினால்தான் வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன. பள்ளி வளாகக் காவலாளிக்குப் பொருந்தலாம். ஆபீஸ் பக்கம் என்று கம்பெனி எடுத்துக் கொடுத்த சாதாரண ஃபிளாட்டுக்குப் பொருந்துவது கஷ்டம்.