காரின் பின்பக்கக் கண்ணாடியை வீட்டிலேயே கழற்றலாமா? எந்த காருக்கு ஓகே... எதுக்கு நோ?

பொங்கல் லீவு. சென்னையிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் பாலாற்றுப் பாலம், மாமண்டூர் எல்லாம் தாண்டி, படாளத்தில் வண்டியை ஓரங்கட்டி ஒரு கட்டுக் கரும்பு வாங்குகிறீர்கள். சர்க்கரை ஆலை இருக்கிற ஊராச்சே! ஹேட்ச்பேக் காரில் கரும்பை எப்படியோ சாய்த்து அடைத்துவிட்டு, டிக்கி கதவை ஓங்கிச் சாத்துகிறீர்கள். கரும்பின் முனை கண்ணாடியில் இடிக்க, அடுத்த நொடி பின்பக்கக் கண்ணாடி மொத்தமும் கல்கண்டு மாதிரி பொலபொலவெனக் கொட்டுகிறது.

உடைந்தால்தான் பின்பக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்றில்லை. மழைத் தண்ணீர் உள்ளே கசியலாம். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என உப்புக்காற்றிலேயே நிற்கிற வண்டிகளில் பீடிங்குக்கு அடியில் துரு பிடிக்கலாம். முழு பெயின்ட் அடிக்கவும் கழற்றச் சொல்வார்கள். 'யூடியூப் பார்த்து நாமே கழற்றிடலாமே' என்று ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதற்கு முன், ஒரே ஒரு கேள்விக்கு பதில் கண்டுபிடியுங்கள். உங்கள் காரின் கண்ணாடி ரப்பரில் நிற்கிறதா, பசையில் நிற்கிறதா?

முன்னாடி வேற, பின்னாடி வேற!

முன்பக்கக் கண்ணாடி 'லேமினேட்டட்' வகை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். அதனால் விரிசல் விட்டாலும் கொட்டாது. பெரும்பாலான கார்களின் பின்பக்கக் கண்ணாடி 'டெம்பர்டு' வகை. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைத்துத் தயாரிப்பார்கள். வெளிப்பரப்பு இறுகியும் உள்பக்கம் இழுபட்டும் இருப்பதால், நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் நன்றாகவே தாங்கும். ஆனால், ஓரத்தில் சின்னதாக ஒரு அடி விழுந்தாலும் மொத்தமும் சிதறிவிடும்.

அதாவது, இந்தக் கண்ணாடிக்கு ஓரம்தான் உயிர்நிலை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் அது நேராகப் போய் இடிப்பதும் அதே ஓரத்தில்தான். இன்னொரு விஷயம், டெம்பர்டு கண்ணாடியை அறுக்கவோ, துளை போடவோ முடியாது. 'கொஞ்சம் சைஸ் பண்ணி மாட்டிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

ரப்பரா... பசையா?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, 2019-ல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாருதி ஆம்னி போன்ற பழைய வண்டிகளில் கண்ணாடியைச் சுற்றி தடிமனான ரப்பர் பீடிங் இருக்கும். அதன் ஒரு பள்ளத்தில் கண்ணாடியும், இன்னொரு பள்ளத்தில் பாடியின் தகடும் உட்கார்ந்திருக்கும். உள்பக்கம் இருந்து பீடிங்கின் உதட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். கீழே தகட்டின் விளிம்பு தெரிந்தால் ரப்பர் வகை.

இன்றைய கார்களில் பெரும்பாலும் யூரிதேன் பசைதான். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோவும், ஒரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட்டும்கூட இந்த வகைதான். சுற்றிலும் கறுப்புப் பட்டை அடித்து, உள்ளே விரலே நுழையாமல் ஒட்டியிருக்கும்.

ரப்பர் வகை: இரண்டு பேர் இருந்தால் வீட்டிலேயே முடியும்

1. வண்டியை நிழலில், சமதளத்தில் நிறுத்துங்கள். ஒயர்கள் எங்கெங்கே போகின்றன என்று மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

2. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள. கண்ணாடியில் டிஃபாகர் கோடுகள் இருந்தால், இரு ஓரங்களிலும் உள்ள கனெக்டரைப் பிடித்து மெதுவாக உருவுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

3. தடித்த கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஷூ மூன்றும் கட்டாயம். சீட் மேல் பழைய பெட்ஷீட்டை விரித்துவிடுங்கள். பெயின்ட் கீறாமல் இருக்க, பீடிங்கைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

4. பீடிங்கின் நடுவில் குரோம் பட்டையோ, ரப்பர் பட்டையோ செருகியிருந்தால் முதலில் அதை உருவுங்கள். பிடி தளர்ந்துவிடும்.

5. சோப்புத் தண்ணீர் தடவி, உள்பக்க உதட்டை மேல் மூலையிலிருந்து தகட்டைத் தாண்டி வெளியே தள்ளிக்கொண்டே வாருங்கள். மழுங்கிய பிளாஸ்டிக் அல்லது மரப் பட்டை போதும். இரும்புக் கருவி வேண்டவே வேண்டாம். ரப்பர் காய்ந்து கல் மாதிரி இருந்தால் அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வெளிப்பக்க உதட்டை கத்தியால் அறுத்துவிட்டு, புது பீடிங் போடுவதுதான் நல்லது.

6. ஒருவர் உள்ளே உட்கார்ந்து, விரித்த உள்ளங்கைகளால் மேல் ஓரத்துக்குப் பக்கத்தில் சீராக அழுத்த வேண்டும். வெளியே நிற்பவர் இரு கையாலும் கண்ணாடியைத் தாங்க வேண்டும். காலால் உதைக்கிற வேலையெல்லாம் கூடாது.

7. கழற்றிய கண்ணாடியை சிமென்ட் தரையிலோ, டைல்ஸிலோ நிறுத்தாதீர்கள். தடித்த போர்வை மேல் படுக்க வையுங்கள். வண்டியில் தப்பித்த கண்ணாடி, தரையில் வைக்கும்போதுதான் உடையும்!

திரும்ப மாட்டுவதற்கு நைலான் கயிறு போதும். பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, தகடு உட்காரும் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் வண்டிக்கு உள்பக்கம் விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக உருவினால் ரப்பர் உதடு தானாகத் தகட்டின் மேல் ஏறி உட்காரும். அதற்கு முன் தகட்டில் இருக்கும் துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்துக் காயவிட மறக்காதீங்க. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியமான வேலையே.

பசை வகை: கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்

இதில் பசையை மெல்லிய முறுக்குக் கம்பியாலோ, அதற்கென உள்ள கத்தியாலோ அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கம்பி வழுக்கினால் டிஃபாகர் கோடு போகும், பாடி பெயின்ட் கீறும். அந்தக் கீறலில் பிரைமர் வைக்காமல் ஒட்டினால், துரு பசைக்கு அடியிலேயே ஊர்ந்து கடைசியில் ஒட்டே விட்டுப்போகும். புதுப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்து இறுக நேரம் வேண்டும். எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பது பசைக்குப் பசை மாறும். அதைக் கடையில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஏற்கெனவே உடைந்துவிட்டதா?

துகள்களை வெறும் கையால் தள்ளாதீர்கள். வேக்குவம் கிளீனரால் சீட் இடுக்கு, பெல்ட் பக்கிள், ஸ்டெப்னி பள்ளம் வரை உறிஞ்சி எடுங்கள். குழந்தைகளைப் பின் சீட்டில் உட்கார வைப்பதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள்.

அதைவிட முக்கியம், பின்கண்ணாடி இல்லாமல் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று, சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, மயக்கம் வரும்போதுதான் தெரியும். தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை டேப் போட்டு ஒட்டி, பக்கத்துக் கடை வரை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள்.

கை வைக்கும் முன் ஒரு போன்

காம்ப்ரிஹென்சிவ் இன்ஷூரன்ஸ் இருந்தால், உடைந்த கண்ணாடியை போட்டோ எடுத்து கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் பார்த்த பிறகே கழற்றுங்கள். முதலிலேயே கழற்றிவிட்டால் கிளெய்மில் சிக்கல் வரலாம். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனால், கிளெய்ம் செய்தால் 20 முதல் 50 சதவிகிதம் வரையிலான நோ கிளெய்ம் போனஸ் கைவிட்டுப் போகலாம். கண்ணாடி விலையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால், செலவு நம்முடையதுதான்.

புதுக் கண்ணாடி வாங்கும்போது மூலையில் ஐ.எஸ்.ஐ முத்திரையும், ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 100-ன்படி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவிகித ஒளியை உள்ளே விட வேண்டும். 'கூலா இருக்கும்' என்று கறுப்பு ஷீட் ஒட்டி அனுப்பினால் வாங்காதீர்கள். கறுப்பு ஃபிலிமுக்கு உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை போட்டுவிட்டது.

ரப்பர் வகையா... ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நண்பரும் போதும். பசை வகையா... அந்த ஞாயிற்றுக்கிழமையை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அடுத்த பொங்கலுக்குக் கரும்பை இரண்டாக வெட்டியே வாங்குங்க!