ஒயின் ஆலைக் கழிவுநீர் அனுமதிகள் (கலிஃபோர்னியா)

அமெரிக்க ஒயினில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கலிஃபோர்னியாவில் உருவாகிறது. அங்குள்ள ஒயின் ஆலைகள் கழுவலிலும் தயாரிப்பிலும் சேரும் நீரை மண்ணிலோ குட்டையிலோ நகரச் சாக்கடையிலோ விடுவதற்கு அனுமதி பெற வேண்டும். இந்த அனுமதிகளுள் இன்று முதன்மையானது, மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 ஜனவரி 20 அன்று நிறைவேற்றிய பொது ஆணை. அதற்கு முன்பு மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. ஒரே அளவுள்ள இரண்டு ஆலைகளில் ஒன்று கடுமையான உரிமத்தின் கீழும், மலைக்கு அப்பால் வேறு வட்டாரத்தில் இருக்கும் மற்றொன்று ஏறக்குறைய எந்தக் கட்டுப்பாடும் இன்றியும் இயங்கி வந்தன.

கழிவின் தன்மை

ஒயின் ஆலைக் கழிவுநீரில் சாயப்பட்டறையிலோ தோல் பதனிடும் தொழிலிலோ வருவது போன்ற கொடிய உலோகங்கள் பொதுவாக இருப்பதில்லை. தொட்டி, குழாய், பிழியும் எந்திரம், பீப்பாய், தரை ஆகியவற்றைக் கழுவிய நீர்தான் அதில் பெரும்பங்கு. திராட்சைச் சர்க்கரை, ஆல்ககால், டார்ட்டாரிக் போன்ற அமிலங்கள், தோலின் நிறப்பொருள்கள், ஈஸ்ட் மண்டி ஆகியவை அதில் கரைந்தும் மிதந்தும் வருகின்றன. எல்லாம் உணவுப் பொருள்தானே என்று தோன்றலாம். அந்த எண்ணமே நெடுங்காலம் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட வைத்தது எனலாம்.

உணவாக இருப்பதே இதில் சிக்கல். நீரில் விழும் கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்னும்போது ஆக்சிஜன் செலவாகிறது. அந்தச் செலவை அளப்பதே பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. வீட்டுச் சாக்கடை நீரில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஒயின் ஆலைக் கழிவுநீரில் அது பல ஆயிரம் மில்லிகிராமைத் தொடுவது வழக்கம். நீர் கலக்காத ஒயினையே எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் திகைக்க வைக்கும். 13 சதவீத ஒயின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 100 கிராம் ஆல்ககால் உண்டு. அது முழுதும் ஆக்சிஜனேற்றம் அடைய 200 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஓர் ஆற்றுநீர் லிட்டரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 9 மில்லிகிராம் மட்டுமே. ஆக, சாக்கடையில் கவிழ்ந்த ஒரு லிட்டர் ஒயின், கணக்களவில், இருபதாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட நீரின் ஆக்சிஜனைத் தீர்க்க வல்லது.

இந்தச் சுமை ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை திராட்சை பிழியும் பருவம். அந்தச் சில வாரங்களில் கழிவு குவிகிறது. மற்ற மாதங்களில் பீப்பாய் மாற்றுவதும் புட்டியில் அடைப்பதுமாக ஓட்டம் குறைந்துவிடும். பழம் பிழியும் நாளில் நீர் புளிப்பாக, பி.எச். 4 அளவில் இருக்கும். காஸ்டிக் சோடாவால் தொட்டி கழுவும் நாளில் அதே குழாயில் கடுங்காரம் வரும். சீரான ஓட்டத்துக்குப் பழகிய சுத்திகரிப்பு நுண்ணுயிர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரும் சோதனை.

ஒயினுக்கும் கழிவுநீருக்கும் உள்ள விகிதம் ஆலைக்கு ஆலை மாறும். ஒரு பங்கு ஒயினுக்கு மூன்று பங்கு கழிவுநீர் என்பது அதிகாரிகளும் பொறியாளர்களும் கையாளும் மதிப்பீடு. சிக்கனமாகக் கழுவும் ஆலை அதைக் குறைக்கும். தரையில் குழாயைத் திறந்துவிட்டு வேறு வேலை பார்க்கும் ஆலையில் அது இரட்டிப்பாகும்.

மண்ணுக்குள் நடப்பது

கலிஃபோர்னியாவின் பெரும்பாலான ஆலைகள் நகரச் சாக்கடை எட்டாத கிராமப்புறத்தில் உள்ளன. எனவே கழிவுநீர் பெரும்பாலும் போய்ச்சேரும் இடம் மண். நிலத்தில் பாய்ச்சுவார்கள், குட்டையில் தேக்குவார்கள், அல்லது செப்டிக் தொட்டி வழியாக நிலத்தடியில் ஊறவிடுவார்கள். அளவோடு விட்டு, இடையிடையே காயவிட்டால் மண் நல்ல வடிகட்டி. கரிமப் பொருள் மேல்மண்ணிலேயே செரித்துவிடும்.

அளவு மீறினால் கதை மாறுகிறது. மண்ணின் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை எடுத்துக்கொள்கின்றன. அதுவும் தீர்ந்தபின் மண்ணிலுள்ள மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளைப் பயன்படுத்துகின்றன. அதுவரை கெட்டியாக இருந்த இரும்பும் மாங்கனீசும் அப்போது கரைந்து நீரோடு கீழிறங்குகின்றன. இரும்போடு ஒட்டிக்கிடந்த ஆர்சனிக்கும் விடுபடலாம். ஆலை கொட்டாத ஆர்சனிக் ஆலையின் கழிவால் கிணற்றுக்கு வந்து சேர்வது இப்படித்தான். விதிகள் நிலத்தடி நீரைச் சுற்றியே அமைந்ததற்கு இதுவே வலுவான காரணம். கூடவே நைட்ரஜனும் உப்பும் உண்டு. சோடியம் கலந்த கழுவுபொருள்கள் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து நீர் இறங்காதபடி செய்துவிடும். அதனால் பல ஆலைகள் பொட்டாசியம் சேர்ந்த கழுவுபொருளுக்கு மாறின. உப்பை எந்த நுண்ணுயிரும் தின்பதில்லை. விட்ட உப்பு விட்ட இடத்தில்தான் இருக்கும், அல்லது கீழே இறங்கும்.

சட்டப் பின்புலம்

1969ஆம் ஆண்டின் போர்ட்டர்-கொலோன் நீர்த்தரக் கட்டுப்பாட்டுச் சட்டமே மாநில அதிகாரத்தின் அடிப்படை. அமெரிக்கக் கூட்டரசின் தூய நீர்ச் சட்டம் 1972இல்தான் வந்தது. அது ஆறு, ஏரி போன்ற மேற்பரப்பு நீரையே குறிவைக்கிறது. கலிஃபோர்னியச் சட்டம் நிலத்தடி நீரையும் உள்ளடக்கியதால், தோட்டத்தில் பாய்ச்சும் கழிவும் அதன் கைக்குள் வந்தது. கழிவை நீர்நிலையில் விடுவது சலுகையே தவிர உரிமை அல்ல என்று அச்சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதாவது, தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் விடுகிறோம் என்ற வாதம் எடுபடாது. ஏற்கெனவே தூய்மையாக இருக்கும் நீரைக் காரணமின்றித் தரமிறக்கக் கூடாது என்ற மாநிலத் தீர்மானமும் 1968 முதல் நடப்பில் உள்ளது.

செயல்படுத்தும் பொறுப்பு ஒன்பது வட்டார வாரியங்களிடம் இருக்கிறது. வட்டார எல்லைகள் வடிநிலத்தைப் பின்பற்றி வரையப்பட்டவை. ஆகவே அடுத்தடுத்த மாவட்டங்களான நாபாவும் சோனோமாவும் ஒரே வாரியத்தின் கீழ் முழுமையாக அடங்குவதில்லை. நாபா ஆறு சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடா வட்டாரத்தில் சேரும், சோனோமாவின் ரஷ்யன் ஆறு வடகடற்கரை வட்டாரத்தில் சேரும். லோடியும் ஃபிரெஸ்னோவும் மத்தியப் பள்ளத்தாக்கு வாரியத்துக்கு உட்பட்டவை. பெரிய ஆலைகளுக்குத் தனி உரிமம், சிறியவற்றுக்கு விலக்கு என்று ஒவ்வொரு வாரியமும் தன் போக்கில் வழிவகுத்தது. விலக்கு எதுவும் ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் புதுப்பிக்கும் வேலை ஓய்ந்தபாடில்லை.

2021ஆம் ஆண்டின் பொது ஆணை

புதிய ஆணை ஆலைகளை ஓராண்டில் நிலத்தில் விடும் கழிவுநீரின் அளவைக் கொண்டு அடுக்குகளாகப் பிரிக்கிறது. ஆண்டுக்கு 10,000 கேலனுக்கு, அதாவது சுமார் 38,000 லிட்டருக்குக் குறைவாக விடுவோருக்கு விலக்கு. ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் பார்த்தால் இது ஆண்டுக்குச் சுமார் 1,400 பெட்டி ஒயின் செய்யும் குடும்பத் தொழில். 30,000 கேலன் வரை முதல் அடுக்கு, 3 லட்சம் வரை இரண்டாவது, 10 லட்சம் வரை மூன்றாவது. அதற்கு மேல் 1.5 கோடி கேலன் வரை நான்காவது. அதையும் தாண்டும் ஆலை இந்தப் பொது ஆணைக்குள் வராது. தனி உரிமம் பெற வேண்டும்.

அடுக்கு ஏற ஏறக் கட்டணமும் கண்காணிப்பும் கூடுகின்றன. கீழ் அடுக்கில் எளிய பதிவேடும் ஆண்டறிக்கையும் பெரும்பாலும் போதும். மேலே போகப்போக ஓட்டமானி, மாதிரி எடுத்தல், பி.ஓ.டி., நைட்ரஜன், கரைந்த உப்பு ஆகியவற்றின் சோதனை, குட்டையின் அடித்தளம் கசியாதபடி அமைத்தல் என்று பொறுப்பு வளர்கிறது. நிலத்தில் பாய்ச்சும்போது ஏக்கருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு கரிமச் சுமை ஏற்றலாம் என்ற வரம்பும் உண்டு. மண் மழையில் ஊறிக்கிடக்கையில் பாய்ச்சக் கூடாது. கிணறு, ஓடை, எல்லை ஆகியவற்றிலிருந்து இடைவெளி விட வேண்டும். பிழிந்த சக்கையும் தண்டும் நிலத்தில் பரப்பப்படுவதால் அவற்றுக்கும் விதி உண்டு.

ஏற்கெனவே இயங்கிவந்த ஆலைகள் விண்ணப்பிக்க 2024 ஜனவரி 20 வரை மூன்றாண்டு தரப்பட்டது. விண்ணப்பத்தோடு தொழில்நுட்ப அறிக்கையும் கட்டணமும் வட்டார வாரியத்துக்குப் போகும். ஆணை பொருந்துகிறது என்று வாரியம் எழுத்தில் தெரிவித்தபின்தான் அனுமதி நடப்புக்கு வரும். கழிவு விடுவதை அறிவிக்கும்படி வாரியம் கேட்டும் அறிவிக்காத ஆலைக்கு, நாளொன்றுக்கு ஆயிரம் டாலர் வரை நிர்வாக அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒயின் செய்வதற்கான கூட்டரசு அனுமதியும், மது விற்கும் மாநில உரிமமும், மாவட்டத்தின் நிலப்பயன் அனுமதியும் வேறு. அவற்றில் எதை வைத்திருந்தாலும் நீர் அனுமதிக்கு ஈடாகாது.

ஆணைக்கு வெளியே

நகரச் சாக்கடையில் இணைந்த ஆலை, வாரியத்திடம் அல்ல, சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தும் அமைப்பிடம் அனுமதி பெறுகிறது. ஒயின் ஆலைகளுக்கென்று கூட்டரசுத் தனி வரையறை எதுவும் இல்லை, ஆனால் பி.எச். 5க்குக் கீழுள்ள நீரைச் சாக்கடையில் விடக் கூடாது என்ற பொது விதி உண்டு. பிழியும் பருவத்தில் வரும் புளித்த நீர் அந்த ஒரு விதியிலேயே சிக்கிக்கொள்ளும், முன்கூட்டியே சமன்செய்தாக வேண்டும்.

நாபாவில் வேறொரு வழக்கமும் இருக்கிறது. இடமோ மண்ணோ ஒத்துவராத ஆலைகள் கழிவுநீரைத் தொட்டியில் தேக்கி டேங்கர் லாரியில் அனுப்பிவிடுகின்றன. அதன் ஒரு பகுதி ஓக்லாந்தில் உள்ள கிழக்கு விரிகுடாப் பொது நீர்ப் பயன்பாட்டு அமைப்பின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே காற்றில்லாச் செரிகலனில் இந்தக் கழிவு மீத்தேனாகி மின்சாரம் தருகிறது. 2012இல் அந்நிலையம் தன் தேவைக்கு மேல் மின்சாரம் உண்டாக்கும் நிலையை எட்டியது. ஒரு பக்கம் அபராதம் வாங்கித்தரும் பி.ஓ.டி., மறுபக்கம் எரிபொருளாகிறது. சிறிய ஆலைக்கு லாரிச் செலவு சுமைதான்.

மழைநீருக்குத் தனியாகத் தொழிற்சாலைப் பொது அனுமதி உண்டு. அதன் இப்போதைய வடிவம் 2015 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. முற்றத்தில் சக்கையோ எந்திரமோ மழையில் நனையாது என்று சான்றளிக்கும் ஆலை அதன் பெரும்பகுதிப் பொறுப்பிலிருந்து தப்பலாம். ஓடையிலோ ஆற்றிலோ நேரடியாக விடுவதற்குக் கூட்டரசுச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். நடைமுறையில் ஆலைகள் அந்த வழியை நாடுவதில்லை. விபத்து நேர்ந்தால் மட்டும் ஒயின் ஆற்றுக்குப் போகிறது. 2020 ஜனவரியில் ஹீல்ட்ஸ்பர்க் அருகே ஓர் ஆலையின் தொட்டிக் கதவு திறந்துகொண்டு சுமார் 97,000 கேலன் சிவப்பு ஒயின் கொட்டியது. அதில் கணிசமான பகுதி ரஷ்யன் ஆற்றைச் சேர்ந்தது. குளிர்கால வெள்ளம் ஓடிய நேரம் என்பதால் ஆறு அதைத் தாங்கிக்கொண்டது.

சுத்திகரிப்பு முறைகள்

வலை வைத்து விதையும் தோலும் பிரித்தல், பி.எச். சமன்செய்தல், காற்றூட்டிய குட்டையில் செரிக்கவிடுதல் என்பதே பரவலான வரிசை. இடம் குறைந்தோர் மூடிய உயிர்வினைக் கலன்களை நாடுகின்றனர். மெண்டசீனோ மாவட்டத்து ஹாப்லண்டில் ஃபெட்சர் நிறுவனம் 2016இல் மண்புழுப் படுகையைக் கொண்டுவந்தது. மரச்சீவல் மீது தெளிக்கப்படும் கழிவுநீரைப் புழுக்களும் நுண்ணுயிர்களும் சில மணி நேரத்தில் தெளியவைக்கின்றன. காற்றூட்டும் குட்டைக்கு வேண்டிய மின்சாரத்தில் சிறு பங்கே செலவாகிறது. எந்த முறையானாலும், மண்டியையும் சிந்திய சாற்றையும் வடிகாலுக்கு விடாமல் தனியே பிடித்துவைக்கும் ஆலைக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அளவுகோல் எது?

எதை அளந்து உரிமம் தருவது என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. பிரான்ஸ் ஒயினை அளக்கிறது: ஆண்டுக்கு 500 ஹெக்டோலிட்டருக்கு மேல் தயாரித்தால் அறிவிப்பு, 20,000 ஹெக்டோலிட்டரைத் தாண்டினால் பதிவு. தென் ஆஸ்திரேலியா திராட்சையை நிறுக்கிறது. பொதுவாக ஆண்டுக்கு 500 டன்னுக்கு மேல் பிழிந்தால் உரிமம் வேண்டும், அடிலெய்டின் குடிநீர் ஊறும் லாஃப்டி மலைத்தொடர்ப் பாதுகாப்புப் பகுதியில் 50 டன்னே வரம்பு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019 ஜூலை முதல் ஒயினையும் நீரையும் சேர்த்துப் பார்க்கிறது: 17,835 கேலன் ஒயின், அதன் சரியான மும்மடங்கான 53,505 கேலன் கழிவுநீர் என்பவை வரம்புகள். கழிவுநீரை மண்சாலையில் தூசி அடங்கத் தெளிப்பதையும் அம்மாநிலம் ஒரு வழியாக ஏற்றுள்ளது.

தென்னாப்பிரிக்காவின் பொது அனுமதி நீரின் அளவையும் அடர்த்தியையும் இணைக்கிறது. நாளுக்கு 50 கனமீட்டர் வரை பாய்ச்சுவோரின் நீரில் வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை இருக்கலாம். 500 கனமீட்டர் வரை என்றால் 400 மில்லிகிராம். 2,000 கனமீட்டர் வரை என்றால் வெறும் 75. நான்கில் இதுவே நியாயமானது எனத் தோன்றுகிறது. கலிஃபோர்னியாவைப் போல நீரை மட்டும் அளந்து அடுக்குப் பிரித்தால், கழுவும் நீரைப் பாதியாக்கிய ஆலை கீழ் அடுக்குக்கு இறங்கிவிடக்கூடும். அது விடும் சர்க்கரையும் உப்பும் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது, அடர்த்திதான் இரட்டிப்பாகியிருக்கும். ஏக்கர்வாரிச் சுமை வரம்பு இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது. ஆனால் அதைச் சரிபார்க்க மாதிரி எடுக்க வேண்டும். மாதிரி எடுக்கும் கடமையோ கீழ் அடுக்கில்தான் மிகக் குறைவு.