கொல்கத்தாவில் ரெண்டு நாள்: 1943ஐ எங்கே தேடுறது?

மக்களே, அடுத்த மாசம் ஆபீஸ் வேலையா கொல்கத்தா போறேன். வேலை முடிஞ்சப்புறம் சனி, ஞாயிறு முழுசா கையில இருக்கு. எங்க போகலாம்னு டீம்ல இருக்கற பெங்காலி நண்பர்கிட்ட கேட்டேன். விக்டோரியா மெமோரியல், பார்க் ஸ்ட்ரீட், மிஷ்டி தோய்னு மூச்சு விடாம அடுக்கினார். பஞ்சத்துக்கு ஏதாவது நினைவிடம் இருக்கான்னு கேட்டதும்தான் மனுஷன் யோசிச்சார். "அப்படி ஒண்ணும் ஞாபகம் வரலையே"ன்னுட்டார்.

1943 வங்காளப் பஞ்சத்தைத்தான் சொல்றேன். அரசாங்கத்தோட விசாரணைக் கமிஷன் சுமார் 15 லட்சம் பேர் செத்ததா கணக்கு சொல்லுச்சு. பின்னாடி வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரைக்கும் போறாங்க. விக்டோரியா மகாராணிக்கு அவ்ளோ பளிங்கு இருக்கு. இவங்களுக்கு ஒரு கல்வெட்டாவது வேணாமா?

நம்ம தாது வருஷப் பஞ்சம் மாதிரி மழை பொய்ச்சு வந்ததில்ல இது. 1942ல ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் ரங்கூன் அரிசி நின்னு போச்சு. ஜப்பான்காரன் வந்தா அவன் கைக்கு எதுவும் சிக்கக்கூடாதுன்னு, வெள்ளைக்கார அரசாங்கம் கடலோர மாவட்டங்கள்ல நெல்லை வாரிச்சு. பத்து பேரும் அதுக்கு மேலயும் ஏறக்கூடிய படகுகளைப் பறிமுதல் பண்ணிச்சு, பலதை அழிச்சுது. ஆறும் வாய்க்காலுமா கிடக்கற ஊர்ல படகு போனா மீன்பிடி போச்சு, சந்தை போச்சு, எல்லாம் போச்சு. அதே வருஷம் அக்டோபர்ல மேதினிப்பூர்ல பெரிய புயல் வேற. யுத்தச் செலவுல விலைவாசி எகிற, கல்கத்தா ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் மலிவு விலை அரிசிக்கு ஏற்பாடு நடந்துச்சு. கிராமத்துக் கூலியாளுக்கு யாரும் இல்ல.

அமர்த்தியா சென் 1981ல எழுதின புத்தகத்துல, அரிசி மொத்தமா குறைஞ்சதை விட, ஏழைங்க கைல அதை வாங்கற சக்தி போனதுதான் முக்கியக் காரணம்னு வாதாடறார். (பஞ்சத்தப்ப அவருக்கு வயசு 9.) மறுக்கறவங்களும் உண்டு. எனக்கு அந்தப் படகு விஷயம் ஒண்ணே போதும்.

கிராமத்து ஜனங்க நடந்தும் ரயில் ஏறியும் கல்கத்தா வந்து சேர்ந்தாங்க. வீடு வீடா நின்னு "ஃபேன் தாவ்"னு கத்தினாங்களாம். ஃபேன்னா சோறு வடிச்ச கஞ்சித் தண்ணி. சோறு கேக்கல பாருங்க, கீழ ஊத்தற கஞ்சியைத்தான் கேட்டாங்க. இதைப் படிச்சதுலேர்ந்து குக்கர் வைக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருது.

சட்டப்படி இதைப் 'பஞ்சம்'னு அரசாங்கம் அறிவிக்கவே இல்ல. 1943 ஆகஸ்ட் 22ல ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை தெருவுல கிடந்தவங்க படங்களைப் போட்டப்புறம்தான் வெளியுலகம் திரும்பிப் பார்த்துச்சு. அதோட எடிட்டர் இயன் ஸ்டீவன்ஸ் ஒரு வெள்ளைக்காரர்ங்கறதையும் சொல்லணும். ஓவியர் சித்தபிரசாத் மேதினிப்பூர் முழுக்க நடந்து பாத்து 'ஹங்ரி பெங்கால்'னு படமும் எழுத்துமா புத்தகம் போட்டார். அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் பண்ணி எரிச்சுது.

ஆக, என் லிஸ்ட்ல இப்போதைக்கு மூணு இடம். சௌரங்கி ஸ்கொயர்ல இருக்கற ஸ்டேட்ஸ்மன் கட்டடம். ஜனங்க வந்து இறங்கின சியால்டா ஸ்டேஷன். அப்புறம் ஹௌரா பாலம். நண்பர் சொன்னதாலன்னு நினைச்சுடாதீங்க. அது திறந்தது 1943 பிப்ரவரி 3. குண்டு விழும்ங்கற பயத்துல விழாவே இல்லாமத் திறந்தாங்க. இருபத்தாறாயிரம் டன்னுக்கு மேல இரும்பு! யுத்த காலத்துலயும் அதைக் கொண்டு வந்து சேர்க்க முடிஞ்சிருக்கு.

கொல்கத்தால இருக்கறவங்க, இருந்தவங்க சொல்லுங்க. லங்கர்கானா (அதாங்க, நம்ம கஞ்சித்தொட்டி) நடந்த இடம் ஏதாவது இன்னும் அடையாளம் தெரியுதா? சித்தபிரசாத், ஜைனுல் ஆபெதின் வரைஞ்ச பஞ்சப் படங்களை அங்க எங்கயாவது நேர்ல பாக்க முடியுமா? ஹௌரா பாலத்துல நடக்க எந்த நேரம் தோது? ஞாயித்துக்கிழமை ராத்திரி 8 மணிக்கு ஃப்ளைட். எனக்கு ஹிந்தி அரைகுறை, பெங்காலில "ஃபேன் தாவ்" மட்டும்தான் தெரியும்.