பொறுப்பு கைமாறும்போது: ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரையும் சென்னையின் பூங்கா நிர்வாகமும்

எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே அடையாறு முகத்துவாரம் வரையிலான மணல், ஊரூர் ஒல்காட் குப்பத்து மீனவர்களின் பணியிடம். படகு ஏற்றுவதும் வலை பழுது பார்ப்பதும் மீன் உலர்த்துவதும் அங்கேதான். மாலையில் காற்று வாங்க வரும் நகரத்தாருக்கு அதே மணல் பொழுதுபோக்கிடம். இரண்டும் உரசாமல் நடப்பது பெரும்பாலும் ஊருக்கும் அதிகாரிகளுக்கும் இடையிலான வாய்மொழிப் புரிதலால்தான். ஆகவே கடற்கரை, பூங்கா நிர்வாகத்தின் தலைமையில் யார் வருகிறார், எப்படி விலகுகிறார் என்பது வெறும் பணியாளர் விவகாரம் ஆகாது. குப்பத்தின் வாழ்வுரிமையோடு பிணைந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாக 12ஆம் அட்டவணையில் சேர்த்தது. சென்னையிலோ இப்பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. தியாகராய நகர்ப் பனகல் பூங்கா மாநகராட்சியிடம். செம்மொழிப் பூங்கா தோட்டக்கலைத் துறையிடம். கிண்டி தேசியப் பூங்கா வனத்துறையிடம். 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா, சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையிடம். முகத்துவாரத்தை அடைக்கும் மணலை அள்ளுவது நீர்வளத் துறையின் வேலை. மணல் எப்போது அள்ளப்படுகிறது, எங்கே கொட்டப்படுகிறது என்பது குப்பத்தின் தொழிலைத் தொடும் முடிவு. ஆனால் அதை முழுமையாகப் பார்க்கும் பொறுப்பு எந்த ஒரு நாற்காலிக்கும் இல்லை.

மாநகராட்சி ஆணையரை மாநில அரசே அமர்த்துகிறது. ககன்தீப் சிங் பேடி 2021 முதல் 2023 வரை இருந்தார்; ஜெ. ராதாகிருஷ்ணன் ஓராண்டளவில் மாற்றப்பட்டு, 2024 ஜூலையில் ஜெ. குமரகுருபரன் வந்தார். இவர்களின் திறமை பற்றிய கேள்வியல்ல இது. 2013இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சப் பதவிக்காலத்தை வலியுறுத்தியது. அதையொட்டி 2014இல் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு ஈராண்டு விதி வந்தது. விதிவிலக்குக்கும் அதில் வழி உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால் அதுவாவது நடந்ததை நினைவில் வைத்திருக்கும். 2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல் வரை சென்னையில் மன்றமே இல்லை! அதிகாரியும் மாறி, கவுன்சிலரும் இல்லாத அந்த ஐந்தாண்டுகளை நம் உள்ளாட்சி ஆய்வுகள் இன்னும் போதிய அக்கறையுடன் பார்க்கவில்லை.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1883 முதல் பூங்காக்களுக்கெனத் தனி வாரியம் உண்டு. மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைமைக் கண்காணிப்பாளரை வாரியம் நியமிக்கிறது. 1906இல் அப்பொறுப்பேற்ற தியோடர் விர்த் 1935 வரை நீடித்தார். அந்த முறையை இங்கே அப்படியே நடவேண்டும் என்று சொல்லவில்லை. தலைவரை அமர்த்துபவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே ஊரறிந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

குப்பத்திலும் தலைமை மாறுகிறது. ஆனால் மீனவ ஊர்களில் பொது முடிவுகள் ஊர்க்கூட்டத்தில் பலர் அறியப் பேசப்படுவதால், தலைவர் மாறினாலும் பேசியது மறைவதில்லை. இதைப் புனிதமாக்கவும் கூடாது: மீன் விற்கும் பெண்களுக்கு மரபான ஊர் பஞ்சாயத்துகளில் இடமில்லை என்பது கடுமையான குறை.

உள்ளூர் நெருக்கடியிலிருந்து அதிகாரியைக் காக்க இடமாற்றம் உதவுகிறது என்பர். அதில் உண்மை உண்டு. அதனால் நியமன அதிகாரம் அரசிடமே இருக்கட்டும். ஒப்படைப்பு மட்டும் வெளிப்படையாகட்டும். 2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவற்றின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் நில அளவை வரைபடங்களில் காட்டச் சொன்னது. அடையாறு மண்டலத்தில் பூங்கா, கடற்கரைப் பொறுப்பை ஏற்பவர் அந்த வரைபடத்தையும், ஊரோடு எட்டிய உடன்பாடுகளின் எழுத்துப் பதிவையும் பெற்றுக் கையொப்பமிட வேண்டும். வார்டு கவுன்சிலரும் ஊர்ப் பிரதிநிதிகளும் மீன் விற்கும் பெண்களும் அப்போது உடனிருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மாநகராட்சி மன்றத்தின் ஒரு தீர்மானத்தோடு தொடங்கலாம்.