நைஸ்
நைஸ் என்பது இன்றைய ஆங்கிலத்தில் 'நல்ல, இனிய' எனப் பொருள்படும் பெயரடை. இழிபொருள் உயர்பொருளாக மாறியதற்கு மொழியியலார் வழக்கமாகக் காட்டும் சான்று. இதன் மூலம் 'அறியாத' என்னும் பொருளுடைய லத்தீன் 'நெஸ்கியுஸ்'. இன்மை குறிக்கும் 'நெ'யும், அறிதலைக் குறிக்கும் 'ஸ்கீரே'யும் சேர்ந்தது. 'சயின்ஸ்' என்ற சொல்லும் இதே வினையடியில் பிறந்தது என்பது விந்தை.

பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் நுழைந்தபோது இது 'மூடத்தனமான' என்றே பொருள்பட்டது. பின்னர் ஒழுக்கக்கேடு, கூச்சம், எளிதில் திருப்தியடையாமை எனப் பொருள் அலைந்தது. சில பழைய நூல்களில் எப்பொருள் கருதப்பட்டது என்று துணிவது கடினம். 16-ஆம் நூற்றாண்டில் 'நுட்பமான, துல்லியமான' என்ற பொருள் வந்தது. இன்றைய பொருள் 18-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. எதற்கும் இச்சொல்லையே பயன்படுத்தும் பழக்கத்தை ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில் ஹென்றி டில்னி கேலி செய்கிறான்.

தமிழ்ப் பேச்சுவழக்கில் மாவை 'நைசாக' அரைப்பது நுண்மையையும், 'நைசாக' நழுவுவது பிறர் அறியாத சாமர்த்தியத்தையும் குறிக்கும். பிரெஞ்சு நகரான நீஸ், ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால் எழுதப்பட்டாலும், 'நிக்காயா' என்ற கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது, தொடர்பற்றது.