சாயத் தொட்டியும் சட்டமும்

ஆரணியில் எங்களுடையது சாயப்பட்டறைக் குடும்பம். அப்பா பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை போக்குவார். பிறகு ஆவி பறக்கும் சாயத் தொட்டியில், கழியில் மாட்டிய நூலைத் திருப்பிக்கொண்டே இருப்பார். நகக்கண்ணில் ஏறிய அரக்குச் சிவப்பு லேசில் போகாது.

அந்தச் சாயங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1895இல் ஃபிராங்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாய ஆலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டு சொன்னார். பின்வந்த ஆய்வுகள் பென்சிடின் போன்ற வேதிப்பொருள்களைக் காரணமாகக் காட்டின. இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1993இல் பென்சிடின் வகைச் சாயங்கள் 42ஐத் தடை செய்தது. 1994இல் ஜெர்மனி, கேடு தரும் அசோ என்னும் வேதிவகைச் சாயம் ஏறிய துணிகளுக்குத் தடை போட்டது. ஏற்றுமதிக்கு ஆபத்து என்றானதும், 1997இல் இங்கே மேலும் 70 அசோ சாயங்கள் தடையாயின.

தொழிலாளியின் உடம்பு கேட்ட கேள்விக்கு நூறாண்டு கழித்துத்தான் சட்டம் பதில் சொன்னது. இனியும் அப்படி நடக்கக் கூடாது. சாயக்காரர்களின் உடல்நலம், எங்கள் ஊர்க் கமண்டல நாகநதிக் கரைக் கிணற்று நீர், சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய மூன்றையும் அரசு தன் ஆய்வுப் பட்டியலில் முதலிடத்தில் வைக்க வேண்டும்.